கூட்டக் குறிப்பில் இல்லாத மாதங்கள்

கோலகங்சாரில் மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மரம் நிற்கிறது. சுற்றிலும் வேலி, முன்னால் ஒரு பலகை. ஆரம்பப் பள்ளியில் படித்தபோது சுங்கை சிப்புட்டிலிருந்து எங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அந்த மரத்தைக் காட்டினார்கள். 1877-ல் நட்டது, நாட்டிலேயே மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று என்று ஆசிரியர் சொன்னார். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன்.

"பால்மரத்தப் பாக்கவாடா பஸ் ஏறிப் போனீங்க? நாப்பது வருசமா நான் பாத்தேனே, அது பத்தாதா?" என்றார்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியலில் பெரட்டுக்கு நின்று, மங்கு துடைத்து, வாளி தூக்கி, ஒட்டுப்பால் பொறுக்கியே வயதாகிப் போனவர். அவர் இருந்த லயம் இப்போது இல்லை. அந்த நிலத்தில் முதலில் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டம் வந்தது. பாட்டி கடைசிவரை என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அது அவருடைய அண்ணனைப் பற்றியது. அவரைப் பெரிய தாத்தா என்று நான் சொல்லிப் பழகியிருக்கிறேன். நேரில் பார்த்ததே இல்லை.

பெரிய தாத்தாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1970-ல் பினாங்கில் 'ரஜூலா' கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார். போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

"இங்கேயே பொறந்த மாதிரி இருந்தவரு. போகச் சொல்லி யாரு சொன்னா? ஏன்டா இவங்கள அனுப்புறீங்கன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

இதுதான் பாட்டியின் கேள்வி. சிறு வயதில் இதற்கு என்னிடம் பதில் இல்லை. பல்கலைக்கழகம் போன பிறகுதான் இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த இடத்துக்குப் பெயர் ஹன்சார்ட்.

*

முதலில் அந்த மரத்துக்கே திரும்பிப் போகிறேன்.

1877-ல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த ரப்பர் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்து பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வீட்டு வளாகத்தில் நடப்பட்டன. அப்போதைய ரெசிடெண்ட் ஹியூ லோ. அதே ஆண்டில், அதே மனிதரின் முயற்சியில், பேராக் மாநில ஆலோசனை மன்றமும் கூட ஆரம்பித்தது. மரமும் மன்றமும் ஒரே வயசு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1875 நவம்பரில், முதல் ரெசிடெண்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டிருந்தார். அதனால் லோ தனியாக உத்தரவு போடாமல், பேராக்கின் பெரிய மனிதர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் ஏற்பாட்டை விரும்பினார். ராஜா மூடா யூசோப், மலாய்த் தலைவர்கள், லாருட் சுரங்கச் சீனர்களின் தலைவர்களான சுங் கெங் குவீ, சின் ஆ யாம் ஆகியோர் அந்த மன்றத்தில் இருந்தார்கள். வரி, பெங்ஹுலு நியமனம், ஓய்வூதியம், கடன் அடிமை முறை எல்லாம் அங்கே பேசப்பட்டன. பேராக்கில் அடிமை முறை 1883 இறுதியில் ஒழிக்கப்பட்டது.

அந்த மன்றத்தில் பேசியதை எழுதி வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்கின்சன் பதிப்பித்த மலாய் ஆய்வுத் தொகுப்பு வரிசையில், மன்றத்தின் முதல் சில ஆண்டுக் குறிப்புகள் அச்சாகியும் வந்தன. அதனால்தான் கடன் அடிமைகளைப் பற்றி அன்று யார் என்ன நினைத்தார் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. எழுதி வைக்காமல் விட்டிருந்தால் 1883 என்ற ஒரு வருடமும், 'ஒழித்தோம்' என்ற ஒரு சொல்லும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அந்த மேசையில் தமிழர் யாரும் இல்லை. கிரியான் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாகத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள். பிறகு ரப்பருக்குக் கங்காணிகள் கூட்டி வந்தார்கள். இந்தியர்களுக்கான சஞ்சிக்கூலி முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. தொழிலாளர் சட்டங்கள் எழுதப்பட்டன, திருத்தப்பட்டன. தோட்டத்தில் பால் வெட்டியவருக்கு அவை எதுவும் அவர் வாசிக்கத் தெரிந்த மொழியில் போய்ச் சேரவில்லை. சட்டம் அவருக்குக் கிராணியாரின் வாயிலிருந்துதான் வந்தது. கிராணியார் சொன்னது சட்டமா, துரையின் விருப்பமா என்று பிரித்துப் பார்க்க அவரிடம் எந்தக் காகிதமும் இல்லை.

*

ஹன்சார்ட் என்பது லண்டனில் இருந்த ஓர் அச்சுக்காரரின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதை வெளியே அச்சிடுவதே குற்றம். உறுப்பினர்கள் தாங்கள் பேசியது ஊருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தார்கள். 1771-ல் அச்சுக்காரர்களைக் கைது செய்யப் போய், லண்டன் நகரமே அவர்கள் பக்கம் நின்று, அதன் பிறகுதான் அந்தத் தடை நடைமுறையில் செத்துப்போனது. 1803-ல் வில்லியம் காபெட் என்ற பத்திரிகைக்காரர் விவாதங்களைத் தொகுத்து வெளியிட ஆரம்பித்தார். அவர் சிறைக்குப் போய், கையில் காசில்லாமல், அந்த வெளியீட்டைத் தன் அச்சுக்காரர் தாமஸ் ஹன்சார்டிடம் விற்றார். அந்தப் பெயர் அப்படியே நிலைத்து, காலனிகள் வழியாக நம் ஊருக்கும் வந்துவிட்டது. மலாயில் அதிகாரப்பூர்வப் பெயர் 'பென்யாதா ரஸ்மி' என்றாலும் பேச்சில் எல்லோரும் சொல்வது ஹன்சார்ட்தான்.

இதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. என் ஊரில் நடந்த அந்தச் சம்பவத்தைப் பற்றி லண்டன் காமன்ஸ் சபையில் என்ன கேட்டார்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதை என் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் தேடி எடுக்க முடிகிறது. 1803 முதல் எல்லாவற்றையும் அவர்கள் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதே சமயம் அன்று அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள், அதிகாலையில் ராணுவ லாரி வந்து நின்றபோதுதான் என்னமோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டதாகப் பாட்டி சொல்வார்.

பிரிட்டிஷ்காரர்களின் திறந்த மனத்தைப் புகழ்வதாக நினைக்க வேண்டாம். காலனிகளை விட்டுப் போகும்போது சங்கடமான கோப்புகளைத் தனியே எடுத்துக்கொண்டு போய் ஹன்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். கென்ய முதியவர்கள் சிலர் வழக்குப் போட்ட பிறகு, 2011-ல் அந்தக் கோப்புகள் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். 2012 முதல் வெளியிட்டார்கள். அவற்றில் மலாயாக் கோப்புகளும் இருந்தன. சபையில் பேசியதை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள், அலுவலகத்தில் எழுதியதை ஐம்பது வருடம் ஒளித்து வைத்தார்கள்.

*

நம் நாட்டு நாடாளுமன்ற ஹன்சார்ட் 1959 முதல் இணையத்தில் கிடைக்கிறது. மக்களவை முதன்முதலாக 1959 செப்டம்பர் 11-ல் கூடியது. பழைய பக்கங்களை வாசித்தால் ஈப்போ, மெங்லெம்பு என்ற இரண்டு தொகுதிகளின் பெயர் திரும்பத் திரும்ப வரும். ஈப்போவுக்கு டி.ஆர். சீனிவாசகம், மெங்லெம்புவுக்கு அவருடைய அண்ணன் எஸ்.பி. சீனிவாசகம். இலங்கைத் தமிழ்க் குடும்பம், இரண்டு பேரும் வழக்கறிஞர்கள், மக்கள் முற்போக்குக் கட்சியின் தூண்கள். டி.ஆர். 1957 இடைத்தேர்தலிலேயே ஜெயித்துச் சபைக்குள் வந்தவர்.

ஈப்போவில் வயதானவர்களிடம் டி.ஆர். பெயரைச் சொன்னால் முகம் மாறும். சீனக் கடைக்காரர்களும் சொல்வார்கள். அவர் பெயரில் ஒரு பூங்காவே இருக்கிறது. நாங்கள் பள்ளி விடுமுறையில் விளையாடிய பூங்கா. அது யாருடைய பெயர் என்று எங்களில் ஒருத்தனும் கேட்டதில்லை.

1960-களின் முற்பகுதியில், அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது டி.ஆர். நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். சபைக்குள் பேசுவதற்கு உறுப்பினருக்குப் பாதுகாப்பு உண்டு. அங்கே சொன்னதற்காக யாரும் அவதூறு வழக்குப் போட முடியாது. அமைச்சர் தரப்பு, தைரியமிருந்தால் வெளியே வந்து சொல் என்று சவால் விட்டது. டி.ஆர். வெளியே வந்து அதையே சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டார். 1965-ல் அந்த வழக்கில் அமைச்சர் தோற்றார், பதவி விலகினார். மேல்முறையீடும் பலிக்கவில்லை.

இந்தக் கதையைப் பொதுவாக டி.ஆரின் வீரமாகச் சொல்வார்கள். வீரம் இருந்தது, மறுக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வீரம் எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்பது. பயமில்லாமல் கேட்க ஒரு சபை இருந்தது. கேட்டது வரிக்கு வரி பதிவானது. பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. இதில் எந்த ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அது காப்பிக்கடைப் பேச்சாகவே முடிந்திருக்கும்.

டி.ஆர். 1969 மார்ச்சில் காலமானார்.

*

இப்போது பெரிய தாத்தாவுக்கு வருகிறேன்.

1950-களிலும் 60-களிலும் பெரிய வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். நம் ஊர்ப் பேச்சில் 'தோட்டத் துண்டாடல்'. பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அசிஸ் இதை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். மாதாமாதம் கட்டிய பத்து வெள்ளியைப் பற்றிப் பாட்டி பேசும்போது, ஏதோ கோயிலுக்குக் கட்டிய வரி போலப் பேசுவார்.

துண்டாடலில் வேலை போனவர்களுக்கு அடுத்த அடி 1968-ல் விழுந்தது. அந்த ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேண்டுமென்றால் பெர்மிட் எடுக்க வேண்டும். தோட்டங்களில் எத்தனையோ பேர் குடியுரிமைக்கு மனுப் போடாமலே இருந்தார்கள். பாரம் நிரப்பத் தெரியாது, மலாய்த் தேர்வுக்குப் பயம், பிறப்புப் பத்திரம் கிடையாது. சிலருக்கு அதன் அவசியமே புரியவில்லை. "சிவப்போ நீலமோ, பால் ஒரே வெள்ளைதானேன்னு அண்ணன் சொல்லும்" என்பார் பாட்டி.

சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1968-ல். அது ஹன்சார்ட்டில் இருக்கிறது. யார் தாக்கல் செய்தார், யார் எழுந்து பேசினார் என்று பார்க்கலாம். அந்தச் சட்டம் தோட்டத்து லயம் வரை வந்து கதவைத் தட்டியது 1969-லும் 70-லும். பெர்மிட் மறுக்கப்பட்டவர்கள், புதுப்பிக்க முடியாதவர்கள், இனி இங்கே கதியில்லை என்று பயந்தவர்கள் என்று பல்லாயிரம் தமிழர்கள் கப்பல் ஏறியது அந்த மாதங்களில்தான். அதனால் நான் 1969, 1970 ஹன்சார்ட்டைத் தேடினேன். பெர்மிட் பற்றி யார் கேட்டார்கள்? சுங்கை சிப்புட் பெயர் வந்ததா? எத்தனை பேர் போனார்கள் என்று யாராவது கணக்குக் கேட்டார்களா?

ஆண்டுப் பட்டியலில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இணையதளத்தில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் மரமண்டைக்கு எட்டியது. தேர்தலுக்காகக் கலைக்கப்பட்ட நாடாளுமன்றம் 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு கூட்டப்படவில்லை. அவசரகாலம் பிரகடனமாகி, தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. நாடாளுமன்றம் மறுபடி கூடியது 1971 பிப்ரவரியில். கப்பல்கள் நிறைந்து போன அந்த மாதங்களில் கேள்வி கேட்கச் சபையே இல்லை.

பாட்டியின் கேள்விக்கு இதுதான் என்னால் கண்டுபிடிக்க முடிந்த பதில். "ஒருத்தராச்சும் கேட்டாங்களா?" கேட்கும் இடத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள் பாட்டி.

கதை அதோடு முடியவில்லை. 1971-ல் சபை திறந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று அரசியலமைப்புத் திருத்தம். குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, சுல்தான்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்கினால், நாடாளுமன்றத்துக்கு உள்ளே பேசியிருந்தாலும் நிந்தனைக் குற்றச்சாட்டு வரலாம் என்று ஆனது. நடைமுறைப்படுத்துவதில் உள்ள குறைகளைப் பற்றிப் பேச இடம் விட்டிருந்தார்கள். ஆனாலும் எது நடைமுறை, எது அடிப்படை என்று கோடு கிழித்துப் பார்த்துவிட்டு எழுந்து பேச எத்தனை பேருக்குத் துணிவு வரும்? டி.ஆர். சபையின் பாதுகாப்பை நம்பி அமைச்சரைக் கேட்டு எட்டு வருடம் கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1972-ல், அதிகாரத்துவ ரகசியச் சட்டமும் வந்தது.

*

இன்னொரு மரம் ஈப்போவில் இருக்கிறது.

2008 தேர்தலில் பேராக் மாநிலம் மக்கள் கூட்டணியின் கைக்கு வந்தது. மொத்தம் 59 இடங்கள், அவர்களுக்கு 31. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் விலகி பாரிசான் ஆட்சிக்கு ஆதரவு தந்தார்கள். நிஸாரின் இடத்தில் சாம்ப்ரி மந்திரி பெசார் ஆனார். சபாநாயகராக இருந்தவர் வி. சிவகுமார். அவர் மார்ச் 3 அன்று சட்டமன்றத்தைக் கூட்டினார். செயலகத்துக்குள் போக முடியாதபடி போலீஸ் தடுத்தது. கட்டடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சபையை நடத்தினார்கள். நிஸார் மேல் நம்பிக்கை, சட்டமன்றத்தைக் கலைக்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு அதற்கு 'ஜனநாயக மரம்' என்று பெயர். கல்வெட்டு வைத்தார்கள், அது சேதப்படுத்தப்பட்டது.

மே 7-ல் சட்டமன்றத்துக்குள் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரே அவையில் இரண்டு சபாநாயகர்கள். சிவகுமார் இறங்க மறுத்தார், ஆர். கணேசனைப் புதிய சபாநாயகராக அறிவித்தார்கள். ராஜா நஸ்ரின் ஷா உரையாற்ற மணிக்கணக்காகக் காத்திருந்தார். கடைசியில் சிவகுமாரை நாற்காலியோடு இழுத்துக்கொண்டு போனார்கள். பாட்டி அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமே நம்மாளுங்களாடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப யாரு பேசினத எழுதுவாங்க?" என்றார்.

வரலாறு படிக்கிற எனக்குத் தோன்றாத கேள்வி அது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் சபையை நடத்தினால், குறிப்பேட்டில் யாருடைய சபை ஏறும்? மரத்தடியில் போட்ட தீர்மானம் சபையின் தீர்மானமா, சாலையோரப் பேச்சா? மாநிலச் சட்டமன்ற நடவடிக்கைகள் செல்லுமா என்று நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியாது என்று அரசியலமைப்பின் 72-வது விதி சொல்கிறது. ஆனாலும் அந்த வருடம் பேராக் விவகாரங்கள் வரிசையாக நீதிமன்றம் ஏறின. 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் சாம்ப்ரியே முறையான மந்திரி பெசார் என்றது. சட்டப்படி கதை முடிந்தது. மரத்தடிக் கூட்டத்தை நாம் இன்று நினைவில் வைத்திருப்பதற்கு, அங்கே நின்று படமெடுத்தவர்களும் எழுதியவர்களும்தான் காரணம்.

*

தகவல் பெறும் உரிமைக்கான சட்டத்தைச் சிலாங்கூரும் பினாங்கும் மாநில அளவில் 2010, 2011 வாக்கில் கொண்டு வந்தன. இந்தியாவில் அது 2005-லேயே தேசிய அளவில் வந்துவிட்டது. இங்கே கூட்டரசு அளவில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு நீண்ட காலமாக நடக்கிறது. வர வேண்டும். ஆனால் சட்டம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், ஏற்கெனவே திறந்து கிடப்பதை நாம் வாசித்திருக்கிறோமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுபது சொச்சம் வருட நாடாளுமன்ற விவாதங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தோட்டம், தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, குறைந்தபட்சச் சம்பளம் என்று நம்மைப் பற்றி அங்கே பேசியது ஏராளம். எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும். சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் தமிழில் எழுந்து பேசலாம். இங்கே அந்த ஏற்பாடு இருந்ததில்லை. அதனால் நம் பாட்டிகளின் வாழ்க்கையைத் தீர்மானித்த வாக்கியங்கள் அவர்கள் மொழியில் ஒருமுறைகூட எழுதப்படவில்லை. தோட்ட வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் நாவல்கள் இருக்கின்றன, சிறுகதைகள் இருக்கின்றன, கண்ணீர் நிறையவே இருக்கிறது. எந்தத் தேதியில், எந்தச் சபையில், யார் கை தூக்கியதால் அந்தக் கண்ணீர் வந்தது என்பதைத் தமிழில் எழுதியவர்கள் குறைவு. நானும் இத்தனை காலம் எழுதவில்லை.

பாட்டி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. பெரிய தாத்தாவின் கடுதாசி இப்போது என்னிடம் இருக்கிறது. தேதி 1970. நல்லபடியாக வந்து சேர்ந்தேன், இங்கே மழையில்லை, பால்மரத்துக்குத் தேய்க்கும் கத்தியைத் தம்பியிடம் கொடுத்துவிடு, அடுத்த வருசம் பெர்மிட் கிடைத்தால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். நான் 1968-ம் ஆண்டு விவாதப் பக்கங்களை அச்செடுத்து, அந்தக் கடுதாசியோடு ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களைத் தமிழில் பெயர்க்க ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை நான்கு பக்கம் முடிந்திருக்கிறது.